அம்பாசிடரா பியட்டா? டிரைவர் சீட்ல இருந்து ஒரு தீர்ப்பு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. ரெண்டு காரையும் தராசுல வச்சு, கடைசியில "ரெண்டுமே நம்ம பாரம்பரியம்"னு சொல்லி நழுவிக்கற பதிவு இல்லை இது. எனக்கு ஒரு கட்சி இருக்கு. சம்பாதிக்கறதுக்கு அம்பாசிடர், ஓட்டறதுக்கு பியட். ரெண்டுல எது நல்ல கார்னு கேட்டா பியட். (அம்பாசிடர் ரசிகர்கள் கையில இருக்கற கல்லைக் கீழே போட்டுட்டு மேல படிக்கவும் :-))

பியட்னு நான் சொல்றது பிரிமியர் பத்மினியை. பேர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் நம்ம ஊர்ல அது பியட்தான். பம்பாய் குர்லாவுல இருந்த பிரிமியர் கம்பெனி, இத்தாலிக்காரங்களோட பியட் 1100-ஐ உரிமம் வாங்கிச் செஞ்சுட்டு இருந்தது. 1964ல பியட் 1100 டிலைட். அப்புறம் ஒப்பந்தம் முடிஞ்சு 1972ல பிரிமியர் பிரசிடென்ட்னு பேர் மாத்தினாங்க, 1974ல பிரிமியர் பத்மினி. சித்தூர் ராணி பத்மினி பேராம். எங்க தெருவுல ரொம்ப நாள் வரைக்கும் அது நடிகை பத்மினி பேர்னுதான் நம்பிட்டு இருந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா மெருகு ஏத்தினாங்களே தவிர, 2000 வரைக்கும் உருவம் அதேதான்.

அம்பாசிடர் கதை உங்களுக்கே தெரியும். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது சீரிஸை வாங்கி, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல 1957ல ஆரம்பிச்சு 2014 மே மாசம் வரைக்கும் ஓட்டினாங்க. 57 வருஷம்! தாத்தா வாங்கின காரோட உதிரி பாகத்தை பேரன் காருக்கு மாட்டலாம். (நம்ம வண்டலூர் பக்கமே ஸ்டாண்டர்ட் ஹெரால்டுனு ஒரு கார் செஞ்சாங்க, அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. இன்னொரு நாள்.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். அம்பாசிடர் நினைவுகள்னு தமிழ்ல வந்த பதிவுகளை எல்லாம் ஒரு தடவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. பழனிக்குப் போனது, அத்தை மடியில உட்கார்ந்து போனது, ஜன்னல் ஓரத்துக்கு அண்ணன்கூட சண்டை போட்டது, மாப்பிள்ளை அழைப்புக்கு ரோஜா மாலை கட்டின பானெட்... எல்லாமே நல்ல நினைவுகள். ஆனா எல்லாமே பின் சீட்டு நினைவுகள். கிளச் மிதிச்சவன் எழுதின பதிவு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். பியட் பத்தி எழுதறவங்க மட்டும் "எங்க அப்பா ஓட்டுவார்", "நான் ஓட்டக் கத்துக்கிட்டது அதுலதான்"னு எழுதுவாங்க. இந்த வித்தியாசம் சும்மா வந்தது இல்லை. ரெண்டு காருக்கும் நடுவுல இருக்கற மொத்த வித்தியாசமும் அதுதான்.

நான் டிரைவர் மகன். எங்க அப்பா பொள்ளாச்சியில டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டினவர். வார நாள்ல ஸ்டாண்ட்ல அம்பாசிடர். ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு டாக்டர் வீட்டு பியட்டுக்கு ஆக்டிங் டிரைவர். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இப்படி ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டினவர்ங்கறதால, எந்த கார் பத்திரிகையை விடவும் அவர் பேச்சுக்கு எங்க வீட்ல மதிப்பு அதிகம். நானும் ரெண்டையும் ஓட்டியிருக்கேன், ஆனா அவர் ஓட்டினது கடல், நான் ஓட்டினது கிணறு.

முதல்ல வேகம், இழுவை சமாச்சாரம். எல்லாரும் நினைக்கறது என்னன்னா அம்பாசிடர் பெரிய இன்ஜின், அதனால பலம் ஜாஸ்தி, பியட் சின்ன இன்ஜின், பாவம் சோப்ளாங்கி. கணக்கு போட்டுப் பாருங்க. பழைய பெட்ரோல் அம்பாசிடர் 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன், வண்டி எடை கிட்டத்தட்ட 1100 கிலோ. பியட் 1089 சிசி, 40 குதிரைத்திறன், எடை 895 கிலோ. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைன்னு வகுத்தா ரெண்டுக்கும் 45 பக்கத்துலதான் வருது. அட, சமம்!

400 சிசி பெரிய இன்ஜினை வச்சுக்கிட்டு அம்பாசிடர் சமமா நிக்குதுன்னா என்ன அர்த்தம்? அந்த இன்ஜின் தன்னோட உடம்பைத் தூக்கவே பாதி சம்பளத்தைச் செலவு பண்ணுது. அதே வேலையை பியட் சின்ன இன்ஜின்ல, குறைஞ்ச பெட்ரோல்ல செஞ்சுடுது. அப்பா கணக்குல பியட் லிட்டருக்கு 12, 13 குடுக்கும், பெட்ரோல் அம்பாசிடர் 9 குடுத்தா அன்னிக்கு ஓனர் டீ வாங்கிக் குடுப்பார்.

ஆனா இன்ஜின் குணம் வேற வேற. அம்பாசிடர் இன்ஜின் கீழ் சுத்துலயே இழுக்கும். டாப் கியர்ல போட்டுட்டு ஊருக்குள்ள மாட்டு வண்டி பின்னால உருட்டிக்கிட்டே போகலாம், கியர் மாத்த வேண்டாம். பியட் அப்படி இல்லை, அதை முறுக்கணும். முறுக்கினா பாடும். இத்தாலிக்காரன் இன்ஜின் இல்லையா, அடங்கி ஒடுங்கிப் போறது அதுக்கு ஆகாது. இதைத் தெரியாம அம்பாசிடர் ஓட்டற மாதிரியே பியட்டை மெதுவா டாப்ல இழுத்துட்டு, "இழுக்கவே மாட்டேங்குது"னு திட்டினவங்கதான் ஜாஸ்தி.

ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறினவங்களுக்குத் தெரியும், 40 கொண்டை ஊசி வளைவு. ரெண்டு காருமே பின் சக்கர இழுவை, ரெண்டுக்குமே ஸ்டீரிங் தண்டுல ஹேண்ட் கியர், பழைய மாடல் ரெண்டுலயும் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது வளைவுல வேகம் செத்துப் போய் ரெண்டாவது கியர் தாங்கலைன்னா, வண்டியை கிட்டத்தட்ட நிறுத்தித்தான் முதல் கியர் போடணும். இல்லைன்னா டபுள் கிளச் அடிச்சு இன்ஜின் சுத்தை ஏத்திப் போடணும். தப்பினா "கர்ர்ர்"ருனு ஒரு சத்தம் வரும் பாருங்க, பின் சீட்ல தூங்கற மாமா எந்திரிச்சு உட்கார்ந்துடுவார். இந்த வேலையை பியட்ல செய்யறது சுலபம். வண்டி லேசு, அகலம் குறைவு, வளைவுக்குள்ள கொஞ்சம் வேகத்தோடயே நுழையலாம், அதனால ரெண்டாவது கியரே தாங்கிடும். அம்பாசிடர்ல வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சாகணும், குறைச்சா முதல் கியர் வேணும், முதல் கியர்னா மேல சொன்ன கூத்து.

இன்னொரு வேடிக்கை. ஸ்டீரிங் அமைப்புல பார்த்தா அம்பாசிடர்தான் நவீனம். அதுல ரேக் அண்ட் பினியன், பியட்ல பழைய வார்ம் ரோலர். அம்பாசிடர்ல முன்பக்கம் டார்ஷன் பார், பியட்ல காயில் ஸ்பிரிங், பின்னாடி ரெண்டுக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டை. ஏட்டுல எழுதினா அம்பாசிடருக்கு மார்க் கொஞ்சம் கூட விழும். ஆனா அந்த முன்பக்க எடையை பவர் ஸ்டீரிங் இல்லாம திருப்பறது யாரு? பின் சீட்டா? நின்ன இடத்துல ஸ்டீரிங்கை ஒடிக்கறதுக்கு அப்பா சீட்ல இருந்து பாதி எந்திரிச்சு ரெண்டு கையையும் போட்டு இழுப்பார். பியட்ல ஒரு கையில ஒடிச்சுட்டு இன்னொரு கையில பீடி பத்த வைப்பார். (இப்ப விட்டுட்டார். பீடியை.)

நீளம் அம்பாசிடர் 4.3 மீட்டர் சொச்சம், பியட் 3.9 மீட்டர் சொச்சம். அகலத்துல 1676 மில்லிமீட்டருக்கு 1460. வித்தியாசம் சரியா ஒரு சாண். இந்த ஒரு சாண்லதான் வரலாறே மாறிப் போச்சு.

எப்படின்னு சொல்றேன். பின் சீட்ல பியட்டுல மூணு பேர் உட்காரலாம், மூணும் ஒல்லியா இருந்தா. அம்பாசிடர்ல நாலு. முன்னாடியும் ஹேண்ட் கியர், நீள சீட்டுங்கறதால டிரைவரோட மூணு. குழந்தைகளைக் கணக்குலயே சேர்க்கறது இல்லை, அது மடி கணக்கு. மேல கேரியர்ல படுக்கை, பாத்திரம், டிக்கியில அரிசி மூட்டை. பியட் டிக்கி மோசம்னு சொல்ல முடியாது, ஆனா கல்யாணத்துக்குப் போற குடும்பத்துக்கு அது பத்தாது. இப்படி ஏத்தின உடனே நான் மேல போட்ட கணக்கு மாறுது. ஆளும் சாமானுமா 400 கிலோ ரெண்டுலயும் ஏத்துங்க. பியட் டன்னுக்கு 31 குதிரைக்கு இறங்கிடும், அம்பாசிடர் 33ல நிக்கும். காலி வண்டியில சமமா இருந்தவங்க, சுமை ஏறினதும் அம்பாசிடர் ஒரு அடி முன்னாடி. கூடவே கீழ் சுத்து இழுவை வேற இருக்கா, மூட்டையோட மேடு ஏறறதுக்கு அதுதான் ராசியான வண்டின்னு பேர் வாங்கிடுச்சு. நியாயமான பேர்தான், மறுக்கலை.

ஆனா இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. இழுவைதான் முக்கியம்னா, அம்பாசிடர்லயே எது அதிகமா டாக்ஸி ஸ்டாண்ட்ல நின்னுச்சு? டீசல். 1980ல வந்த அதே 1489 சிசி டீசல், வெறும் 37 குதிரைத்திறன். 400 கிலோ ஏத்தினா டன்னுக்கு 25 கூட வராது. பெட்ரோல் பியட்டை விட மோசம்! மேட்டுல முன்னாடி லாரி போனா அதுக்குப் பின்னாடியே போக வேண்டியதுதான், முந்தறதை எல்லாம் மறந்துடணும். அப்பா சொல்வார், "டீசல் வண்டியில வால்பாறை ஏறுனா, வழியில இருக்கற கொரங்கு எல்லாம் பேர் சொல்லிக் கூப்புடும் கண்ணு, அத்தனை நேரம் பாத்துருக்கும்."

அப்படியும் அதுதான் ஜெயிச்சது. காரணம் எளிசு. அப்ப டீசல் விலை அரசாங்கம் கட்டுப்படுத்தின விலை, பெட்ரோலை விட எவ்வளவோ கம்மி. அந்தக் கட்டுப்பாடு போனது 2014 அக்டோபர்லதான். முப்பது வருஷத்துக்கு மேல கி.மீ. கணக்குல காசு பார்த்த ஓனருக்கு டீசல் அம்பாசிடரை விட்டா வேற நல்ல வழி இல்லை. பத்மினியிலயும் 137டின்னு டீசல் போட்டாங்க, தொண்ணூறுகள் பின்பாதியில. பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் வந்த பாயசம். பம்பாய்ல மட்டும் பியட் டாக்ஸி நின்னு விளையாடிச்சு. பக்கத்துலயே ஃபாக்டரி, கடல் மட்டத்துல ஊர், குறுகலான நெரிசல், ரெண்டு மூணு பேர் சவாரி. அந்த ஊருக்கு அந்த வண்டி பொருத்தம். கடைசி கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸி அங்க பதிவானது 2003 அக்டோபர்ல. 20 வருஷ வரம்பு முடிஞ்சு 2023 அக்டோபர் கடைசியில ரோட்டை விட்டுப் போச்சு. ஒரு தலைமுறை அழுதுச்சு.

ஆக, நடைமுறைக்கு எது உதவும்னு கேட்டா, யாரோட நடைமுறைன்னு திருப்பிக் கேட்கணும். கட்டின காசு திரும்பி வரணும்னு நினைச்ச ஓனருக்கு அம்பாசிடர். பின்னாடி கால் நீட்டி உட்கார்ந்த கலெக்டருக்கும் அமைச்சருக்கும் அம்பாசிடர். மேல சிவப்பு விளக்கு சுத்தினா அந்த வட்டமான கூரைக்கு ஒரு கம்பீரம் வந்தது உண்மைதான் (2017 மே மாசத்தோட அந்த விளக்கும் போச்சு). 2013ல பிபிசி டாப் கியர்காரங்க உலக டாக்ஸிகளுக்குப் போட்டி வச்சு அம்பாசிடருக்கு முதல் இடம் குடுத்தாங்கன்னு நம்மாளுங்க பதிவு பதிவா கொண்டாடினாங்களே, அதுவும் டாக்ஸிங்கற வகையிலதான். சவாரிக்கான பரிசு. தானே வாங்கி, தானே ஓட்டி, தானே துடைச்சு வச்ச வாத்தியாருக்கும் பேங்க் ஆபீசருக்கும் டாக்டருக்கும் பியட்தான். அவங்க எண்ணிக்கை கம்மி, சத்தமும் கம்மி. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்ததும் அவங்கதான் முதல் ஆளா அந்தப் பக்கம் போனாங்க. ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஓட்ட இன்னும் சுலபமான வண்டி கிடைச்சா போகத்தானே செய்வாங்க? அம்பாசிடரை டாக்ஸியும் அரசாங்கமும் தாங்கிப் பிடிச்சது. பியட்டைத் தாங்க பம்பாயை விட்டா ஆள் இல்லை.

சம்பளத்துக்கு ஓட்டற டிரைவருக்கு எது தோதுன்னு மட்டும் யாரும் கேட்கலை. முன் சீட்ல ரெண்டு பேரை ஏத்திட்டு, ஒரு பாதி உடம்பு கதவுல இடிக்க, பக்கத்து ஆள் முழங்கால் நடுவுல கையை விட்டு கியர் மாத்தி, பொள்ளாச்சியில இருந்து திருச்செந்தூர் வரைக்கும் போனா பேட்டா கிடைக்கும். பின்னாடி இருக்கற சின்னக் கண்ணாடியில முக்கால்வாசி தலைகள்தான் தெரியும். ரிவர்ஸ் எடுக்கும்போது அம்பாசிடரோட வட்டமான பின்புறம் எங்க முடியுதுன்னு அனுமானம்தான். பியட்ல பின்னாடி ரெண்டு பக்கமும் சின்னதா துடுப்பு மாதிரி தூக்கி நிக்கும் பாருங்க, அழகுக்கு வச்சதுன்னு நினைப்போம். திரும்பிப் பார்த்தா ரெண்டு மூலையும் கரெக்டா தெரியும், சுவத்துக்கு ஒரு விரக்கடை விட்டு நிறுத்தலாம்.

விட்டுப் போன ஒரு விஷயம், ரிப்பேர். இதுல அம்பாசிடருக்குப் போட்டியே இல்லைன்னு ஒத்துக்கறேன். பானெட்டைத் திறந்தா இன்ஜின் ரெண்டு பக்கமும் ஆள் இறங்கி நிக்கற மாதிரி இடம். எந்த ஊர் பட்டறையிலயும் கழட்டுவாங்க, எந்த லேத்லயும் கடைஞ்சு குடுப்பாங்க. "ஹாரனைத் தவிர மத்த எல்லாம் சத்தம் போடும்"னு ஜோக் சொல்வாங்க, ஆனா அத்தனை சத்தத்தோடயும் வீடு வந்து சேரும். கிரீஸ் மட்டும் நேரத்துக்கு அடிச்சுடணும், இல்லைன்னா முன்பக்கம் முனக ஆரம்பிச்சுடும். பியட் கொஞ்சம் செல்லப் பிள்ளை. பாயிண்ட் இடைவெளி, கார்புரேட்டர் ட்யூனிங் எல்லாம் காது கேட்டு வைக்கணும். சித்திரை வெயில்ல மலை ஏறினா பெட்ரோல் பம்ப் சூடாகி பெட்ரோல் ஆவியாயிடும், வண்டி நின்னுடும். ஈரத்துணியைப் பம்ப் மேல போட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா கிளம்பிடும். கை தெரிஞ்சவனுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை, தெரியாதவனுக்கு அஞ்சு மணி நேரம். அம்பாசிடர் தெரியாதவனையும் மன்னிச்சுடும்.

1993க்கு அப்புறம் வந்த 1800 ஐஎஸ்இசட் அம்பாசிடரைச் சொல்லாம விட்டா சில பேர் விட மாட்டாங்கன்னு தெரியும். ஜப்பான் இசுசு இன்ஜின், 75 குதிரைத்திறன், கீழ அஞ்சு கியர். அது பறக்கும், ஒத்துக்கறேன். ஆனா அம்பதுகள்ல வரைஞ்ச உடம்புக்கு தொண்ணூறுகள் இன்ஜின். வேகத்துல திருப்பிப் பார்த்தவங்களுக்குப் புரியும், நேரா போறதுக்கு மட்டும் ராஜா. என் கணக்குல அது வேற கார்.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னு கேட்கறீங்களா? அப்பாவுக்கு இந்த வருஷம் 74 முடியுது. தங்கச்சி மாப்பிள்ளை நல்ல மனுஷன், "மாமா காலம் பூரா ஓட்டுன வண்டிங்க மச்சான், ஒரு அம்பாசிடர் வாங்கி வாசல்ல நிறுத்தலாம்"னு ஒரு யோசனை சொன்னார். வீட்ல எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு மட்டும் ஒட்டலை. காலம் பூரா அவர் ஓட்டினது ஓனரோட அம்பாசிடர். அதுல ஒரு தடவை கூட எங்க அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சு எங்கயும் போனது இல்லை, போக முடியாது, ட்ரிப் ஷீட் எழுதணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி டாக்டரை விட்டுட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டும்தான் விசில் அடிச்சுட்டு வருவார். "பண்ணையாரும் பத்மினியும்" படம் 2014ல வந்தப்ப அவரைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். படம் முடிஞ்சு வெளிய வந்து கதையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "அந்தப் பையன் கியர் போடறது சரியாத்தான் போடறான்"னு மட்டும் சொன்னார்.

அதனால நான் மாப்பிள்ளைகிட்ட சொன்னது இதுதான். வாசல்ல நிறுத்தி போட்டோ எடுக்கறதுன்னா அம்பாசிடர் வாங்குங்க. அவர் ஓட்டணும்னா பியட் வாங்குங்க. 74 வயசுல பவர் ஸ்டீரிங் இல்லாத அம்பாசிடரை ஒடிக்கச் சொல்றது பரிசு இல்லை, ஓவர்டைம். மாப்பிள்ளை ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் போன் பண்ணி, "உடுமலைல ஒரு பத்மினி இருக்குதாமுங்க, 1986 மாடல், பாக்கறீங்களா?"ன்னார்.

பழைய வண்டி வாங்க நினைக்கற மத்தவங்களுக்கும் சேர்த்து, நான் விசாரிச்சதுல தேறினதைச் சொல்லிடறேன். முதல்ல ஆர்.சி. உயிரோட இருக்கான்னு பாருங்க. 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவு புதுப்பிக்க 5,000 ரூபாய் ஆக்கினாங்க, 2025ல 20 வருஷம் தாண்டினதுக்கு 10,000. அம்பது வருஷம் தாண்டின வண்டின்னா 2021ல வந்த விதிப்படி விண்டேஜ்னு தனியா பதிவு பண்ணிக்கலாம், ஆனா அப்படிப் பண்ணினா கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடறது, ரிப்பேர் இதுக்குத்தான் வெளிய எடுக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாது. 1986 மாடலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஓஸ், கார்புரேட்டர் கேஸ்கெட், பம்ப் டயஃப்ரம் எதுவும் எத்தனாலை நினைச்சு செஞ்சது இல்லை, கொஞ்ச நாள்ல ஊறி, வெடிச்சு ஒழுக ஆரம்பிக்கும். வாங்கின அன்னிக்கே எல்லா ஓஸையும் எத்தனால் தாங்கற ரகத்துக்கு மாத்திடறது நல்லது. ரொம்ப நாள் நிறுத்தி வைக்கறதுன்னா டேங்க்ல பெட்ரோலைத் தேங்க விடாதீங்க, தண்ணியை இழுத்து துரு பிடிக்க வச்சுடும். அப்புறம் தரைத் தகடு, கதவுக்குக் கீழ் பகுதி. ரெண்டு காருக்குமே தனியா சேஸிஸ் கிடையாது, உடம்புதான் எலும்பு. அங்க துரு தின்னுருந்தா பெயின்ட் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

உதிரி பாகம்தான் பியட்ல உண்மையான தலைவலி. அம்பாசிடர் 2014 வரைக்கும் வந்ததால இன்னமும் சாமான் கிடைக்குது. பியட் நின்னு கால் நூற்றாண்டு ஆச்சு. சென்னைக்காரங்களுக்கு புதுப்பேட்டை இருக்கு, எங்க பக்கம் உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல தேடணும், இல்லைன்னா பம்பாய்ல இருந்து வரவழைக்கணும். மாப்பிள்ளை இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றார். சரிதான், அம்பாசிடர்னா மாசத்துல ஒரு நாள் மிச்சமாகும். அப்பாவுக்கு வேற என்ன வேலை இருக்கு? உக்கடத்துல கடை கடையா ஏறி இறங்கி ஒரு பம்ப் கிட்டுக்கு பேரம் பேசறதுன்னா அவருக்கு அது திருவிழா.

விஷயத்தை அப்பா காதுல லேசா போட்டு வச்சேன். சந்தோஷமா, வேண்டாமான்னு எதுவும் சொல்லலை. "டாக்டரு வண்டி மாதிரி ஆனைத் தந்த கலரான்னு மட்டும் கேட்டுச் சொல்லு"ன்னார். கேட்டேன். வெள்ளையாம். வர்ற ஞாயித்துக்கிழமை மூணு பேரும் போறோம், அவரை ஓட்ட வச்சுப் பார்த்துட்டுத்தான் அட்வான்ஸ்.

பொள்ளாச்சி, உடுமலை, கோவை பக்கம் பியட் கார்புரேட்டரைக் காதால கேட்டு ட்யூன் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இன்னும் பட்டறை வச்சிருந்தா பின்னூட்டத்துல ஊர் பேரை மட்டும் சொல்லுங்க சாமிகளா, நானே போய் விசாரிச்சுக்கறேன். அம்பாசிடர் ரசிகர்கள் கும்மறதா இருந்தா திங்கக்கிழமைக்கு அப்புறம் கும்மவும், அதுவரைக்கும் நான் ஓஸ் தேடற வேலையில பிஸி :-)